கடுதாசி ஒனக்குத்தான் மருமகனே!

போன வாரம் ஒரு சாயங்காலம். திருப்பரங்குன்றம் ரயிலடிக்குப் பக்கத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கேன். அக்கா மகன் வந்து தொப்புன்னு உக்காந்தான். கடைசி பஸ்ஸை விட்டவன் மூஞ்சி.

"என்னய்யா மருமகனே?"ன்னு கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீத்துட்டான். வீட்டு லோன் தவணை, பைக் தவணை, சிநேகிதனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, ஆபீஸ்ல மேனேஜர் குடைச்சல், வீட்டுல பொண்டாட்டியோட பேச்சுவார்த்தை நிறுத்தம், ராத்திரி தூக்கம் இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியா ஒரு கேள்வி போட்டான். "மாமா, வேதத்துல இருக்கிறதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாயிரம் வருசத்துக் கதை. இந்தக் காலத்துப் பொழப்புக்கு ஒத்துவருமா?"

"மொதல்ல ரெண்டு டீ சொல்லு. காசு ஒன்னோடது. சும்மா குடுக்கிற புத்திமதிக்கு மதிப்பு கிடையாது"ன்னேன்.

நான் ஒண்ணும் சபை ஐயரு இல்ல, உபதேசியாரும் இல்ல. முப்பத்துநாலு வருசம் தபால்காரனா இருந்தவன். பசுமலைக்குப் பின்கோடு 625004, குன்றத்துக்கு 625005. கடைசி எண்ணு ஒண்ணு மாறினாலும் கடுதாசி ஊரு சுத்திட்டுத்தான் வரும். அதனால எனக்கு எதைப் பாத்தாலும் மொதல்ல முகவரியைப் பாக்குற புத்தி. வேதத்தையும் அப்படித்தான் பாத்தேன். புதிய ஏற்பாட்டுல 27 புத்தகம் இருக்கு. அதுல 21 நிருபம். நிருபம்னா என்ன? கடுதாசிதான! அப்போஸ்தலர் பவுல் பேருல மட்டும் 13. எபேசுவுக்கும் கொலோசெவுக்கும் போன கடுதாசியைத் தூக்கிட்டுப் போனவர் பேரு தீகிக்கு. நம்ம டிபார்ட்மெண்டு ஆளு. சைக்கிள் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, நாய்க்கடி மட்டும் இருந்திருக்கும்.

அவ்வளவு பாடுபட்டு வந்த கடுதாசியை நாம என்ன பண்றோம்? ஞாயித்துக்கிழமை ஐயரு பிரசங்கம் பண்றாரு, பொறாமை கூடாதுன்னு. உடனே முன்வரிசைக்காரர், 'இது பின்வரிசைக்காரனுக்கு'ன்னு திரும்பிப் பாக்குறாரு. பின்வரிசைக்காரன், 'இது முன்வரிசைக்கு'ன்னு தலையாட்டுறான். மாமியா மருமகளைப் பாக்குறா, மருமக கூரையைப் பாக்குறா. இத்தனை பேரும் சம்பளம் இல்லாத தபால்காரங்க. வந்த கடுதாசியைப் பிரிக்காம அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுறதுல என்னா சுறுசுறுப்பு!

அடுத்தவன் கண்ணுல துரும்பு, தன் கண்ணுல உத்திரம்னு இயேசு சொன்னாரே, தச்சன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த அளவு சரியாத் தெரியும். கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை முழுங்குறவனையும், அஞ்சறைப் பெட்டியில சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் பத்துல ஒரு பங்கு கணக்குப் பாத்துட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் கோட்டைவிடுறவனையும் அவரு விடல. நையாண்டி நம்ம மதுரைக்காரன் சொத்துன்னு நெனைக்காதே, அவருக்கும் அதுல பாத்தியதை இருக்கு.

"சரி மாமா, எங்க வீட்டுக்கு வருசா வருசம் வசனம் வருதே"ன்னான்.

வருது, வருது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த அட்டை எடுப்பாய்ங்களே, அதைத்தான் சொல்றான். கண்ணை மூடிக்கிட்டு தட்டுல கையை விடு, ஒரு அட்டை எடு. ஒசத்துவேன், பெருக்குவேன், கடன் கொடுப்பாய் வாங்கமாட்டாய், இப்படித்தான் வரும். 'உள்ளதை வித்து ஏழைக்குக் குடு'ங்கிற அட்டையை எந்தத் தட்டுலயாவது பாத்திருக்கியா? அச்சடிச்சா அந்த வருசம் தட்டு அப்படியே திரும்பி வரும். நான் தபால் பையோட தெருவுல போன காலத்துலயும் இதே கதைதான். மணியார்டர்னா திண்ணையிலேயே காத்துக்கிட்டு இருப்பாய்ங்க. பதிவுத் தபால்னா கதவுக்குப் பின்னால நின்னு, "ஆள் இல்ல"ன்னு ஆளே சொல்லுவான். வேதத்துல மணியார்டரும் இருக்கு, வக்கீல் நோட்டீஸும் இருக்கு மருமகனே. ஒண்ணை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்குனா எப்படி?

டீ வந்துச்சு. ஆத்திக்கிட்டே அவன் கடுதாசிகளைப் பிரிச்சேன்.

மொதல்ல கடன். கவலைப்படாதே, ஆகாயத்துப் பறவைகளைப் பாருன்னு இயேசு சொன்னாருன்னு நீயும் தவணையை மறந்துட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்க. பறவை கூட்டுல படுத்துக்கிட்டு வாயைத் தொறந்தா புழு வந்து விழும்னு அவரு சொல்லலையே. விடியுமுன்னே எந்திரிச்சு அலையுது அது. இன்னொண்ணு, பக்கத்து மரத்துக் காக்கா மாடிக்கூடு கட்டிருச்சுன்னு எந்தக் காக்காவும் லோன் போடல. அதே மனுசன்தான், கோபுரம் கட்டப் போறவன் மொதல்ல உக்காந்து செலவைக் கணக்குப் பாக்க மாட்டானான்னும் கேட்டாரு. அந்தக் கடுதாசியை நீ பைக் ஷோரூமுக்குப் போற அன்னைக்குப் பிரிக்கல. அப்புறம் ஜாமீன். அடுத்தவன் கடனுக்குக் கைபோட்டு மாட்டிக்காதேன்னு நீதிமொழிகள்ல அஞ்சாறு எடத்துல இருக்கு. ஒரு புத்தகத்துல ஒரே புத்தியை அத்தனை தடவை சொல்றாருன்னா, சாலொமோன் காலத்துலயும் ஒன் சிநேகிதன் மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான்னுதான அர்த்தம்? இனி அந்தக் கையெழுத்தை அழிக்க முடியாது. அதே நீதிமொழிகள் அதுக்கும் வழி சொல்லுது: வெக்கத்தை விட்டு இன்னைக்கே போயி நின்னு கெஞ்சி விடுபடு, அதுவரைக்கும் கண்ணுக்குத் தூக்கம் குடுக்காதேன்னு. ஒனக்குத்தான் தூக்கம் வரலையே, அந்த நேரத்துக்குப் போயி அவன் கதவைத் தட்டு.

ரெண்டாவது, பேச்சுவார்த்தை நிறுத்தம். பொழுது சாயுறதுக்குள்ள கோபத்தைத் தீத்துரணும்னு எபேசுக்காரங்களுக்கு எழுதியிருக்கு. நீ கெட்டிக்காரன். ராத்திரி ஒம்பது மணிக்குச் சண்டையை ஆரம்பிக்கிற. மறுநாள் பொழுது சாய இன்னும் நேரம் கிடக்குதுன்னு கணக்கு!

"அவ அடங்கமாட்டேங்குறா மாமா. மனைவி கீழ்ப்படியணும்னு வேதத்துலயே இருக்கு."

இதைத்தான் நான் எதிர்பாத்தேன். கொலோசெக் கடுதாசியை எடு. மூணாம் அதிகாரத்துக் கடைசியில இருந்து நாலு தொடங்குற வரைக்கும், ஒரே கவர்ல ஆறு பேருக்குத் துண்டுச்சீட்டு இருக்கு. பொண்டாட்டிக்கு ஒண்ணு, புருசனுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு, தகப்பனுக்கு, வேலைக்காரனுக்கு, எசமானுக்கு. ஒவ்வொண்ணுலயும் பேரு போட்டிருக்கு. நீ என்ன பண்ற? பொண்டாட்டி சீட்டைப் பிரிச்சு சத்தமா வாசிக்கிற. அவ ஒன் சீட்டைப் பிரிச்சு, பொண்டாட்டிகிட்டக் கசந்துக்காம அன்பா இருன்னு போட்டிருக்கேன்னு திருப்பி அடிக்கிறா. பிள்ளை, பிள்ளைகளைக் கோபமூட்டாதேன்னு அப்பன் சீட்டை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். வேலைக்காரன் சீட்டுல, மொதலாளி பாக்குறப்ப மட்டும் வேலை செய்யாதேன்னு இருக்கு. அது ஒனக்கு. நியாயமா நடத்துன்னு மேனேஜருக்குத் தனியா இருக்கு. நீ ஆபீஸ் நேரத்துல போனைத் தடவிக்கிட்டு மேனேஜர் சீட்டை வாசிக்கிற. அடுத்தவர் தபாலைப் பிரிச்சாக் குற்றம்யா, நான் வேலை பாத்த காலத்து எங்க சட்டத்துல!

ஆறு பேரும் அவங்கவங்க சீட்டை மட்டும் வாசிச்சா ஒரே வாரத்துல வீடு வீடா இருக்கும். அது ரெண்டாயிரம் வருசத்துக் கதையா, நேத்து ராத்திரிக் கதையா, நீயே சொல்லு.

பயலுக்கு லேசாச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கட்டும். சிரிச்ச வாயிலதான் மருந்தை ஊத்தணும்.

அந்தக் கொலோசெக் கடுதாசியோட தீகிக்கு தனியா வரல. கூட ஒருத்தன் வந்தான், ஒநேசிமு. அடிமை, எசமான் வீட்டை விட்டு வந்தவன். அந்த எசமான் பிலேமோனுக்கு பவுல் தனியா ஒரு கடுதாசி போட்டாரு. ஒரே அதிகாரம், 25 வசனம், ஒரு இன்லேண்டு லெட்டர்ல அடங்கிரும். விசயம் இதுதான்: இவனை அடிமையா இல்ல, சகோதரனாச் சேத்துக்கோ. பாக்கி ஏதும் இருந்தா என் கணக்குல எழுதிக்கோ.

"இது எனக்கு வராது மாமா. என்கிட்ட ஏது அடிமை?"

வராதா? நம்ம பக்கத்துப் பசுமலைக்கே வந்துச்சுய்யா. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல இங்க வந்துச்சு. திருமங்கலத்துல 1842-ல தொடங்குன செமினரியை 1845-ல பசுமலைக்குக் கொண்டுவந்தாய்ங்க. கோரிப்பாளையம் பக்கம் நிக்குதே அமெரிக்கன் கல்லூரி, அதுவும் 1881-ல பசுமலையில முளைச்சதுதான். 1847 ஜூலையில மிஷன் ஒரு தீர்மானம் போட்டுச்சு. சாதியை விட்டுட்டேன்னு வாயால சொன்னாப் போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவனோடயும் உக்காந்து சாப்பிடத் தயாரா இருக்கணும். வசனம் ஒப்பிக்கச் சொல்லல மருமகனே, கை நனைக்கச் சொன்னாய்ங்க. அவ்வளவுதான். அதுவரைக்கும் அத்தியாயம் அத்தியாயமா ஒப்பிச்ச உபதேசியார்கள்ல பல பேரு எந்திரிச்சுப் போயிட்டாய்ங்க. படிக்க வந்த பயலுகளும் போனாய்ங்க. மொத்த வேதமும் தொண்டைக்குள்ள எறங்குச்சு, ஒரு கவளம் சோறு எறங்கல. பதிவுத் தபால்ல நாங்க அப்ப எழுதுவோமே, 'வாங்க மறுத்தார்'னு, அதே கேசுதான்.

வெள்ளைக்காரன் யோக்கியம்னு சொல்ல வரல. அந்த 1847-ல அவன் ஊர்லயே மனுசனை மனுசன் சந்தையில வித்துக்கிட்டு இருந்தான். 1865 வரைக்கும் அந்த உத்திரம் அவன் நாட்டுக் கண்ணுல இருந்துச்சு. ஆனா அவன் உத்திரத்தைக் காட்டி நம்ம துரும்பைத் தப்ப வைக்க முடியுமா? நம்ம கல்யாண விளம்பரத்தைப் பாரு. மணமகள் மறுபடியும் பிறந்தவளா இருக்கணும், ஆனா அதே சாதியில பிறந்தவளா இருக்கணும். மறுபடி பிறக்கிறப்பவும் பழைய வீட்டு முகவரிக்கே பிறக்கச் சொன்னா அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும்?

அவன் டீ டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தான். நானும் அந்த டம்ளரைத்தான் பாத்தேன்.

"ஒரு விசயம் கேக்கவா மருமகனே? போன மாசம் ஒங்க வீட்டுக்கு வந்திருந்தேன். கொல்லைப்பக்கம் சன்னல் திண்டுல ஒரு சில்வர் டம்ளர் கவுத்தி வச்சிருந்துச்சு. ஓரத்துல நசுங்கி இருந்துச்சு. தண்ணி குடிக்க எடுத்தேன். ஒன் பொண்டாட்டி பதறிப்போயி, 'அதுல வேணாம் மாமா, அது பாத்திரம் வெளக்குற அக்காவோடது'ன்னா. ஹால் செவுத்துல பெரிய எழுத்துல வசனம் மாட்டியிருக்கு, நானும் என் வீட்டாரும் கர்த்தரையே சேவிப்போம்னு. அந்த வீட்டாரு கணக்குல, காலையில வந்து உங்க எச்சிப் பாத்திரம் கழுவுறவ சேத்தியா, இல்லையா?"

பதில் இல்ல.

"நீ தேடுன கடுதாசி அதான்யா. லோனும் மேனேஜரும் தீர நாளாகும். அந்த டம்ளரை எடுத்து உள்ள அலமாரியில மத்த டம்ளரோட வைக்க எத்தனை நாளாகும்?"

எந்திரிச்சான். டீக்குக் காசு குடுத்தான். "மாமா, இதை நீங்க எங்க சின்னம்மாகிட்டயும் கொஞ்சம் சொல்லணும். அவங்க வீட்டுல தட்டே தனியா இருக்கு"ன்னான். தலையில அடிச்சுக்கிட்டேன். முப்பத்துநாலு வருச சர்வீஸ்ல இவ்வளவு வேகமா ஒரு தபாலைத் திருப்பிவிட்டவனை நான் பாத்ததில்ல.

இவ்வளவு நேரம் படிச்ச உங்களுக்கும் ஒரு வார்த்தை. இதை இன்னாருக்கு அனுப்பணும், அவருக்குத்தான் சரியாப் பொருந்தும்னு இந்நேரம் போனைக் கையில எடுத்திருப்பீங்க. கீழ வைங்க. முகவரியை இன்னொரு தடவை பாருங்க. பின்கோடு உங்க வீட்டோடதுதான்.