கட்டைப்பையின் கைமாற்றம்: சித்தன்னவாசல் மலையேற்றத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சித்தன்னவாசலைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்டது குறைவு. அங்குள்ள சமணக் குடைவரைக் கோயிலின் ஓவியம் பல்லவருடையதா, பாண்டியருடையதா என்று நெடுநாள் வாதாடினார்கள். முதலில் மகேந்திரவர்மன் பெயர் அடிபட்டது. பிறகு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டைக் காட்டி, 9ஆம் நூற்றாண்டு என்றார்கள். மலைமேலுள்ள படுக்கையில் வெட்டிய தமிழ் பிராமி எழுத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி படித்தார்கள். எல்லாம் சரி. இத்தனை பேர் ஏறி இறங்கியும், சோற்றுப் பையை யார் தூக்கினார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த ஆய்வு.

களம்: புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில், சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் பாறைக்குன்று. காலம்: ஞாயிற்றுக்கிழமை. தரவு: ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு உறவுமுறை.

ஆய்வுப்பொருள் கட்டைப்பை. ஜவுளிக்கடையில் பட்டு எடுத்தால் சும்மா கொடுப்பார்களே, மேலே இரண்டு கட்டைப் பிடி வைத்து, அடியில் அகலமாக, அதுதான். எந்தக் கடைப் பை என்று பார்த்தே அந்த வீட்டில் கடைசியாக நடந்த விசேஷம் என்ன என்று சொல்லிவிடலாம். காலக்கணிப்புக்கு இதைவிட நம்பகமான சான்று கிடையாது. மண்ணடுக்கு ஆய்வும் இதில் சாத்தியம். மேலடுக்கில் முறுக்குப் பொட்டலமும் பழைய செய்தித்தாளும். நடுவில் பாக்குமட்டைத் தட்டு, பெட்ஷீட், சின்னவனுக்கு மாற்றுத் துணி. கீழடுக்கில் எவர்சில்வர் தூக்குகள்: ஒன்றில் புளிசாதம், ஒன்றில் தயிர்சாதம்.

புளிசாதம் மலையேறுவது தற்செயலல்ல. புளியின் புளிப்பும், தாராளமாக ஊற்றிய நல்லெண்ணெயும், தேங்காய் படாத கைப்பக்குவமும் சேர்ந்து அதைச் சாயங்காலம் வரை கெடாமல் வைக்கும். தயிர்சாதத்தில் நுட்பம் இன்னும் அதிகம். விடியற்காலையில் அதில் ஊற்றுவது பெரும்பாலும் பால்தான். தயிர் ஒரு கரண்டி. வேன் குலுக்கலிலும் வெயிலிலும் அது தானாக உறைந்து, பகல் பன்னிரண்டரைக்குச் சரியான பதத்துக்கு வரும். இதைச் செய்ய நாலு மணிக்கு ஒருவர் எழுந்திருக்க வேண்டும் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

இனி விதி. பை எப்போதும் பலமுள்ளவரிடமிருந்து பலமில்லாதவரை நோக்கியே நகர்கிறது. வேனிலிருந்து இறங்கும்போது அதை எடுப்பவர் வீட்டு மாப்பிள்ளை. “குடுங்க அத்தை, நான் தூக்கிட்டு வர்றேன்” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லித்தான் எடுப்பார். டிக்கெட் வாங்கும் இடத்தில் பர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. பை கல்லூரியில் படிக்கும் மச்சினனிடம் போகிறது. பாறையில் வெட்டிய படி தொடங்கும் இடத்தில் அவனுக்கு ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் சித்தியிடம் “ஒரு நிமிஷம் சித்தி” என்கிறான். அந்த நிமிஷம் முடிந்ததாக ஆய்வாளருக்குத் தெரியவில்லை. சித்தி கொஞ்ச தூரம் தூக்குகிறார்; மூச்சு வாங்குகிறது; பெரியம்மா ஒரு காதைப் பிடித்துக்கொள்கிறார். ஆளுக்கு ஒரு காதாகத் தூக்கினால் பை பாதிக் கனம்தான் என்பது பௌதிகம். ஆனால் சித்தியின் குழந்தை “அம்மா தூக்கு” என்று அழும் நேரத்தில் பௌதிகம் உதவாது. இரண்டு காதும் பெரியம்மா கையில். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

இந்த இடத்தில்தான் ஆய்வின் மையமான வாக்கியம் உதிக்கிறது: “நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்.”

இதற்கு உரைகாரர்கள் மூன்று விதமாகப் பொருள் சொல்கிறார்கள். முட்டிவலிதான் காரணம் என்பது ஆண்கள் தரப்பு. தியாகம் என்பது அம்மா பிள்ளைகள் தரப்பு. இவர்கள் கண் கலங்குவார்கள், ஆனால் பையை வாங்க மாட்டார்கள். மூன்றாவது, பெரியம்மாவே வேறு ஒரு சந்தர்ப்பத்தில் சொன்னது: ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடம் வீட்டில் இல்லையாம். ஆய்வாளர் மூன்றாவதையே ஏற்கிறார். மர நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் முறுக்கைத் தனியாக, சத்தம் வரக் கடித்துத் தின்னும் அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள் தியாகம் என்று சொல்லத் தயங்குவார்கள். இருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு மலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலே போனவர்கள் கதைக்கு வருவோம். உச்சியைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். காலூன்றப் பாறையில் வெட்டியிருக்கும் ஏழு குழிகளால் வந்த பெயர் என்பார்கள். இயற்கையான குகைத்தளம், அதில் வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோலக் கல் மேடு. படுக்கைக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் என்பவர் அதைச் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. எருமிநாட்டை மைசூர்ப் பக்கம் என்பார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் கையில் பை இருந்திருக்காது. சமணத் துறவிகள் எடுத்து வந்தவை என்னென்ன என்று சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளைப் பார்த்தால் தெரியும்: மயிற்பீலி, உறி, பிச்சைப் பாத்திரம். கோவலன் கண்ணகியோடு அவர் மதுரைக்கு நடந்த வழியில் இந்த வட்டாரத்துக் கொடும்பாளூரும் பேசப்படுகிறது. அந்த மூவரில் யாரும் யாரிடமும் “ஒரு நிமிஷம் பிடிங்க” என்று சொன்னதாக இளங்கோ பாடவில்லை.

சுமையற்றவர்களின் மலைக்குச் சுமையோடு போவதுதான் நம் சிக்கல். ஓவியமுள்ள அந்தக் குடைவரையான அறிவர் கோயிலில் இது இன்னும் வெளிப்படை. அங்கே பார்க்க வேண்டியது விதானம். அண்ணாந்து நின்றால்தான் தாமரைக்குளம் தெரியும். கையில் கனமிருப்பவருக்குக் கழுத்து அண்ணாக்காது. ஆனால் அந்தக் குளத்திலேயே நமக்கொரு முக்கியச் சான்று இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் திரியும் தண்ணீரில் மூன்று ஆண்கள் பூப்பறிக்கிறார்கள். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியிலுள்ள குளம் என்பது அறிஞர் கருத்து. ஒருவர் ஒரு கையில் பூக்கூடையை மாட்டிக்கொண்டு மறுகையால் பறிக்கிறார். அவருக்குத் துணையாக நிற்பவர் கையில் ஒரே ஒரு தாமரை. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் துணிபு. கூடை தூக்குகிறவரே பறிக்கவும் வேண்டும் என்ற வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை.

கருவறையில் நின்று “ம்ம்ம்” என்று ஒலியெழுப்பினால் அறை முழுக்க அதிரும். பிள்ளைகள் அதைச் செய்து முடித்து, வேர்த்து விறுவிறுத்துப் பசியோடு இறங்கி வந்தார்கள். “மேல என்னடா இருந்துச்சு?” என்றார் பெரியம்மா. “ஒண்ணுமில்ல பெரியம்மா, பாறையில படுக்கை மாதிரி வெட்டி வச்சிருக்கான்.” இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை. தட்டு போடப்பட்டது.

பையை வேனிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: அடைத்த வேன் வெக்கையில் தயிர்சாதம் புளித்துவிடும். அதோடு, பாதி மலையில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் தவிக்கும். ஏறுவதற்கு முன்பே தின்றுவிடலாமே என்றால், தின்ற பிறகு யாரும் ஏறுவதில்லை, பெட்ஷீட் விரித்தாகிவிடும்.

ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சோதனை நடத்தப்பட்டது. காலிப் பை மாப்பிள்ளையிடமும் சித்தப்பாவிடமும் ஒப்படைக்கப்பட்டது. பெரியம்மாவை, கம்பியைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து, மச்சினன் மேலே கூட்டிப் போனான். கீழே காவலிருந்தவர்கள் மிச்சமிருந்த முறுக்கைத் தீர்த்துவிட்டுத் தூங்கிப்போனார்கள். எதிர்பார்த்ததுதான்.

பெரியம்மா இறங்கி வர நேரமாயிற்று. அவர் 17 படுக்கைகளையும் எண்ணியிருந்தார். ஒன்றைத் தடவிப் பார்த்து, “நல்லா இழைச்சிருக்கான், குளுகுளுன்னு இருக்கு” என்றார். பிறகு இதுவரை ஆய்வாளர் படித்த எந்த நூலிலும் கேட்கப்படாத கேள்வியைக் கேட்டார்: “படுக்கையெல்லாம் இருக்கு, அடுப்படியக் காணோமே?”

சமணத் துறவிகள் அடுப்பு மூட்ட மாட்டார்கள், நெருப்பில் சிற்றுயிர் சாகும் என்பதால். ஊருக்குள் போய்க் கொடுத்ததை வாங்கி உண்பார்கள் என்று ஆய்வாளர் விளக்கினார். பெரியம்மா காலித் தூக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பையில் அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தூக்கின் மூடியைக் காணவில்லை. அதைச் சித்தப்பாவின் தலைக்கு அடியிலிருந்து உருவினார்.

“அப்ப கீழ ஊர்ல எவளோ ஒருத்தி நாலு மணிக்கு எந்திரிச்சிருக்கா” என்றார்.

இதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. ஆய்வாளர் மறுக்கவும் இல்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை துள்ளி எழுந்து, “குடுங்க அத்தை, நான் தூக்கிட்டு வர்றேன்” என்றார்.