தோள் தாங்கும் பேஸ்

பேஸ் கிட்டார் என்பது நான்கு தந்திகளும் ஏறத்தாழ நான்கு கிலோ எடையும் கொண்ட மின்சார வாத்தியம். வாங்க வருபவர் நிறத்தை விசாரிப்பார், பிராண்டை விசாரிப்பார். எடையை விசாரிக்கும் ஞானம் முதல் கச்சேரியின் ஏழாவது பாட்டில், இடது தோளில் உதிக்கும்.

இந்த நான்கு கிலோவே ஒரு முன்னேற்றம்தான். அதற்கு முன்னால் கீழ்ச்சுருதி வாசிக்க ஆள் உயர டபுள் பேஸைக் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தமது பிரெசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதில் தந்தி அதிரும் நீளம், அதாவது ஸ்கேல், 34 அங்குலம். இன்றைக்கும் முழு அளவு என்றால் அதுதான். தலை முதல் அடி வரை அளந்தால் நாலடிக்குக் கொஞ்சம் குறையும். காலை நேரத்துத் தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் இந்த நாலடிக்கு இடம் கிடையாது. பையை முதுகில் மாட்டியவர் திரும்பினால் பின்னால் நிற்பவரின் கண்ணாடி போகும். திரும்பாவிட்டால் குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவர் பல்லாவரத்தில் இறங்குவார்.

மலிவும் லேசும் ஒன்றாகத் தேடியவர்களில் பெரிய பெயர் பால் மெக்கார்ட்னி. 1961இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு ஹாஃப்னர் வயலின் பேஸை வாங்கினார். ஃபெண்டர் வாங்கும் வசதி அப்போது இல்லை. இருபுறமும் ஒரே வடிவம் என்பதால் இடது கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. உள்ளே வெறும் கூடு, ஸ்கேல் 30 அங்குலம், எடை சாதாரண பேஸில் பாதியை ஒட்டி. லேசான பொருள் திருடனுக்கும் லேசுதான்: 1972இல் லண்டனில் களவுபோன அந்த வாத்தியம் திரும்பக் கிடைத்த செய்தி 2024இல்தான் வெளிவந்தது.

தமிழ்க் காதுக்குள் பேஸ் நுழைந்தது சினிமா வழியாக. இளையராஜாவுக்கு வாசித்த சசிதரனையும் ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் பெயர் தெரியாமலே லட்சக்கணக்கானோர் ரசித்திருக்கிறார்கள். தென்சென்னைப் புறநகரில் பேஸ் வாசிக்கும் ஆசையை வளர்க்கும் இடங்கள் கல்லூரி விழா மேடை, மெல்லிசைக் குழு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவாலயம். சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ லீட் கிட்டாருக்கு மூன்று பேர் போட்டி போடும் சபையில் பேஸுக்கு ஆள் இருக்காது. சாதுவான பையனாகப் பார்த்து நியமித்துவிடுவார்கள். டிசம்பரில் வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்டில் மட்டும் அவனுக்கு வேலை இல்லை. தெருவில் பிளக் பாயின்ட் கிடையாது என்பதால் காணிக்கைப் பெட்டி அவன் கைக்கு வரும்.

எடையைக் குறைக்க முதல் வழி குட்டை ஸ்கேல். ஸ்குவையர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனெஸ் மிக்ரோ 28.6 அங்குலம். இந்த வகைகள் மூன்று, மூன்றரைக் கிலோவில் நிற்கும். சிறிய விரலுக்கும் எட்டும். பதிலுக்குத் தடித்த ஈ தந்தி கொஞ்சம் தொளதொளக்கும். குட்டை ஸ்கேலுக்கான தந்தி எல்லாக் கடையிலும் இருக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வழி மரம். பாப்லர், பவுலோனியா போன்றவை லேசானவை. ஆனால் விளம்பரத்தில் அச்சிட்ட எடையை நம்பிப் பயனில்லை. ஒரே மாடலில் இரண்டு வாத்தியங்களுக்குள் அரைக் கிலோ வித்தியாசம் சாதாரணம். பேஸுடன் ஒருமுறை, பேஸ் இல்லாமல் ஒருமுறை எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கினால் கணக்குத் தெரிந்துவிடும். ரயில் நிலையங்களில் பழைய எடை மிஷின் இருந்த காலமாக இருந்தால் ஒரே நாளில் இரண்டு ஜோசியமும் கிடைத்திருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பாடி லேசாகி, தலையில் உள்ள, சுருதி சேர்க்கும் நான்கு பெரிய கீகள் மட்டும் பழைய கனத்திலேயே இருந்தால், கையை எடுத்ததும் நெக் தரையைப் பார்த்துச் சாயும். வாசிப்பவர்கள் இதை நெக் டைவ் என்பார்கள். பட்டை மாட்டும் கொம்பு பன்னிரண்டாம் பிரெட் வரை நீண்டிருந்தால் சாய்வு குறையும். கொம்பே இல்லாத அழகிய வடிவங்களில் அதிகம். சாயும் மூன்று கிலோவை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிப்பதைவிடச் சாயாத நான்கு கிலோ மேல். ஆகவே கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது பெண் பார்க்கப் போய் பஜ்ஜியைப் பற்றி மட்டும் விசாரிப்பது மாதிரி. பட்டை போட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் விட வேண்டும். கடைக்காரர் பதறினால் பதறட்டும்.

10,000 ரூபாய்க்கு மேல் தொடங்கி 25,000க்குள் தொடக்கநிலை பேஸ்கள் கிடைக்கும். அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் இன்னும் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் கிண்டி வந்து மெட்ரோ பிடிக்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே எப்போதாவது கிட்டார் தலைகாட்டும். அங்கே வாங்குபவர் நெக் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். புதிதே ஆனாலும் இந்த ஊர் ஈரக்காற்றுக்கும் கத்திரி வெயிலுக்கும் நெக் வளையும். ஆலன் கீயால் உள்ளிருக்கும் கம்பியைத் திருகிச் சரிசெய்து தரும் ஆள் பக்கத்தில் இருப்பது பிராண்டைவிட முக்கியம்.

கடைசியாக ஆம்ப். ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு 41 முறைதான். செல்போன் ஸ்பீக்கரால் அதைச் சரியாகத் தர முடியாது. ஆம்ப் இல்லாமல் பயிற்சி செய்பவரைப் பார்த்து வீட்டார், "வாசிக்கிறியா, துடைக்கிறியா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு உள்ளங்கையளவு ஹெட்போன் ஆம்ப் போதும். சபையிலும் மேடையிலும் டி.ஐ. பாக்ஸ் என்னும் இணைப்புப் பெட்டி வழியாக மிக்சரில் செருகிவிடலாம். அதை மறந்து, அரைக் கிலோ குறைந்த பேஸுக்காக ஆறு மாதம் அலைந்தவரே பதினைந்து கிலோ ஆம்பை வாங்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதும் உண்டு.