அரை மில்லிமீட்டர் பங்காளிச் சண்டை

எங்கள் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. செத்துப்போன கம்ப்யூட்டர்களின் ஸ்க்ரூ எல்லாம் அதில்தான் அடக்கம். சென்ற வாரம் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்ட நான்கு ஸ்க்ரூ தேவைப்பட்டது. தாம்பாளத்தில் கொட்டித் துழாவியதில் தேறியது மூன்று. நான்காவதாக ஒரு குண்டனைப் பிடித்துத் திருகினேன். அரைச் சுற்று போய், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"மரை போச்சு" என்றேன்.

"அது போய் எத்தனையோ வருஷமாச்சே" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

குற்றம் என்னுடையதல்ல. ஆதியில் ஸ்க்ரூவும் நட்டும் ஜாதகம் பார்த்துக் கட்டிவைத்த தம்பதிகள். ஒரு பட்டறையில் பிறந்த போல்ட் அதற்கென்று பிறந்த நட்டைத் தவிர வேறொன்றை ஏறெடுத்தும் பார்க்காது. கழற்றிப் போட்டால் ஜோடி மாறிவிடும் என்பதால் அடையாளம் போட்டு வைப்பார்கள். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவருக்கு இது பொறுக்கவில்லை. 1800-ஐ ஒட்டி, ஒரே மாதிரி மரை வெட்டும் கடைசல் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், குருவையும் மிஞ்சினார். ஊர் ஊராகப் பட்டறைகளின் ஸ்க்ரூக்களைத் திரட்டி, கூட்டிக் கழித்து, சராசரி போட்டு, 1841-ல் தீர்ப்புச் சொன்னார்: மரையின் கோணம் 55 டிகிரி, முனை உருண்டையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் கொஞ்சம் நஷ்டம், யாருக்கும் முழு நஷ்டமில்லை. நம்மூர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரியே இருந்ததால் இங்கிலாந்து ரயில் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் விடவில்லை. 1864 ஏப்ரல் 21. அமெரிக்காவே இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போரில் வெட்டிக்கொண்டிருக்கிறது. பிலடெல்பியாவில் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் இந்த மனிதர் எழுந்து நின்று, நாட்டின் அவசரப் பிரச்சினை திருகாணி என்கிறார். 55 டிகிரியை அளப்பதற்குள் உயிர் போகிறதாம், உருண்டை முனையை வெட்டக் கைதேர்ந்தவன் வேண்டுமாம். 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம், பள்ளிக்கூடப் பிள்ளைகூட வரைவான். முனையைத் தட்டையாக விட்டால் சாதாரணத் தொழிலாளியே வெட்டிவிடுவான். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி, அதுதான் வினையாயிற்று. ஐந்து டிகிரிக்காகக் கடலின் இரு கரைகளும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன.

நடுவில் 1898-ல் ஐரோப்பியர்கள் ஜூரிச்சில் கூடி, கோணத்தைச் செல்லர்ஸிடமிருந்தும் அளவை மில்லிமீட்டரிலிருந்தும் எடுத்து மூன்றாவதாக ஒரு வம்சத்தைத் தொடங்கிவைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அந்த ஐந்து டிகிரிச் சண்டையின் பலன் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கர்ட் கம்பெனி செய்ய ஒப்புக்கொண்டது. எஞ்சினுக்குள் முழுக்க இங்கிலீஷ் மரை. அதை வெட்டும் கருவி அமெரிக்கக் கடைகளில் கிடையாது, ஆகவே அதையும் தாங்களே செய்துகொண்டார்கள். ஹிட்லரைத் தோற்கடிப்பதற்குமுன் விட்வொர்த்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து, 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூன்றும் ஸ்க்ரூவுக்காக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 60 டிகிரி ஜெயித்தது. கௌரவத்தை விட்டுக்கொடுத்த இங்கிலாந்து, பதினேழே வருடத்தில் "நாங்கள் மெட்ரிக்குக்குப் போகிறோம்" என்று கிளம்பியது வேறு விஷயம்.

இந்தப் பங்காளிகள் அத்தனை பேரும் கடைசியில் குடிவந்த இடம்தான் கம்ப்யூட்டர் பெட்டி.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் பக்கவாட்டில் இருப்பது அமெரிக்க வம்சம்: 6-32. இதில் 32 என்பது ஓர் அங்குலத்துக்கு முப்பத்திரண்டு மரை. சரி, 6 என்பது? ஆறு எதுவுமே அதில் கிடையாது. பூஜ்யம் நம்பர் ஸ்க்ரூவின் விட்டம் 0.060 அங்குலம், ஒவ்வொரு நம்பருக்கும் 0.013 கூட்டிக்கொண்டே வந்தால் ஆறாவது 0.138 அங்குலம். இந்தக் கணக்கைப் போட்டவர் நல்ல மனநிலையில் இருந்திருக்க மாட்டார். அது நம் கணக்கில் மூன்றரை மில்லிமீட்டர். சிடி, டிவிடி டிரைவ்களும் இரண்டரை அங்குல டிஸ்க்குகளும் ஜூரிச் வம்சம்: எம்3, அதாவது மூன்று மில்லிமீட்டர், மரைக்கு மரை அரை மில்லிமீட்டர். எம்3-ஐ 6-32 துளையில் போட்டால் லொடலொடவென்று ஆடும். 6-32-ஐ எம்3 துளையில் போட்டால் என் எஸ்.எஸ்.டி.க்கு நேர்ந்ததுதான் நேரும். கண்ணுக்கு அருகில் பிடித்தால் அடையாளம் தெரியும்: அமெரிக்கருக்குப் பல் இடைவெளி அதிகம். விரலால் இரண்டு சுற்று சுகமாகப் போனபிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பொறுமைதான் இல்லை.

1956-ல் ஐபிஎம்மின் ராமாக் ஹார்ட் டிஸ்க் வந்தபோது இந்தக் கவலையே இல்லை. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. அதைத் தூக்கிப்போக ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், ஸ்க்ரூ தொலைந்தால் தேடுவதற்கு ஆளிருந்தது. இன்று அதைப்போல லட்சக்கணக்கான ராமாக்குகளைச் சூயிங்கம் அளவுப் பலகையில் அடக்கி, எம்.2 என்று பெயர் வைத்து, மொத்தத்தையும் ஒரே ஒரு ஸ்க்ரூவை நம்பி விட்டிருக்கிறார்கள். விட்டம் இரண்டு மில்லிமீட்டர். தும்மினால் காணாமல் போகும்.

எஸ்.எஸ்.டி.யில் மரை போன கையோடு, சரி புதுசாக வாங்குவோம் என்று எம்.2 ஒன்றை வாங்கி வந்தேன். தும்மினேன். டார்ச்சுடன் கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்துத் தேடியதில், மூன்று வருடத்துக்கு முன் காணாமல் போய் வீட்டையே இரண்டாக்கிய தோட்டுத் திருகாணி கிடைத்தது. மனைவி பார்ப்பதற்குள் அதையும் பொருத்திப் பார்த்துவிட்டேன். மரை வேறு.