போதும்பொண்ணா, போதும்பாண்டியா?

வாய்யா மாப்ள, உக்காரு. மூணாவதும் பொண்ணாமே, முட்டாய் எங்க? பையன் பொறந்தாத்தான் உங்க ஊர் முட்டாய்க்கடையைத் தொறப்பாகளோ?

பேரு 'போதும்பொண்ணு'ன்னு முடிவு பண்ணிட்டியாம். பேஷ்! உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போய் அந்தப் பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிடு, தெருவுக்கு ஒரு அப்பத்தா திரும்பிப் பாக்கும். "சாமி, பொண்ணு போதும், அடுத்தது பையனாக் குடு"ன்னு அப்பன் போடுற மனு அது. ஆயுசுக்கும் சுமக்குறது மக. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்துல இன்னும் சுருக்கம்: 'வேண்டாம்'. வாத்தியார் "வேண்டாம்"னு கூப்பிட, பிள்ளை "உள்ளேன் ஐயா"ங்கணும்.

குப்பாயி, பிச்சையம்மான்னு அந்தக் காலத்துல வைக்கலையாம்ப. அது வேற கணக்கு. பொறந்ததெல்லாம் தங்காமப் போன வீட்டுல, பிள்ளையைக் குப்பமேட்டுல ஒரு புரட்டுப் புரட்டி, எமன் சீண்டாமப் போகட்டும்னு வச்ச பேரு. அவுக எமனை ஏமாத்துனாக. நீ யாரை ஏமாத்தப் போற?

எங்க சின்னையா வீட்டுல போதும்பொண்ணுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பொண்ணு. பேரு பலிக்கலைன்னு யார்கிட்டப் போய்ப் புகார் குடுப்பாரு?

பேத்தி பொஸ்தகத்தைக் காட்டிச் சொன்னா: பொம்பளகிட்ட இருக்கறது எக்ஸ் குரோமோசோம் மட்டும்தானாம். பையன் பொறக்க வேண்டிய ஒய், ஆம்பளகிட்ட இருந்துதான் வரணுமாம். அப்படிப் பாத்தா பேரை மாத்த வேண்டியது யாரு மாப்ள? 'போதும்பாண்டி'ன்னு வச்சுக்கறியா? உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

மராட்டியத்துல சத்தாரான்னு ஒரு மாவட்டம். அங்கயும் உன்ன மாதிரி அப்பனுக, வேண்டாதவன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'நகுசா'ன்னு வச்சுத் தள்ளியிருக்கானுக. 2011 அக்டோபர்ல அதிகாரிகளே விழா எடுத்து, 285 பிள்ளைகளுக்குப் பேரை மாத்துனாக. ஐஸ்வர்யான்னு நடிகை பேரை எடுத்துக்கிட்டதுகளும் உண்டு. அப்பன் வச்ச பேரை அழிக்க சர்க்காரு பந்தல் போட வேண்டியதாப்போச்சு, பாத்துக்க!

அதனால பதறாத. பொறந்ததை 21 நாளைக்குள்ள பதிஞ்சிரு. பேரை ஒரு வருசம் வரைக்கும் காசில்லாமச் சேத்துக்கலாம். அதுக்குள்ள நல்ல பேரா ஒண்ணு தோணாமலா போயிரும்? 'போதும்'னு சொல்லியே ஆகணும்னா பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்டச் சொல்லு. ஆம்பளைக்குக் கத்தியே இல்லாம முடிச்சு, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக.