வானிலைத் தரவு வழு நூல்

பாயிரம்: வானிலைத் தரவைப் பைதானில் ஆராய்ந்து வரைபடமாக்குங்கால் நிகழும் வழுக்களை வகுத்துரைத்தல் இந்நூலின் பயன். கருவி தந்தோர் இருவர்: 2003இல் வரைபடக் கருவியான மாட்பிளாட்லிப்பை வெளியிட்ட ஜான் ஹண்டர், 2008இல் தரவாய்வுக் கருவியான பாண்டாஸைத் தொடங்கிய வெஸ் மெக்கின்னி. கேட்போர் மூவகையர்: நிரல் எழுதுவோர், எழுதியதை நகலெடுப்போர், "படம் ரெடியா?" என்று மட்டும் கேட்போர். மூன்றாமவர் மேலதிகாரி எனப்படுவார். அவருக்கு இந்நூல் விலக்கு.

வழு ஐந்து: இன்மை, காலம், தொகை, திசை, நிறம்.

இன்மை வழுவாவது, இல்லாத அளவை உள்ளதாகக் கொள்ளல். உலக நிலையங்களின் நாட்பதிவுகளைத் திரட்டிய ஜிஎச்சிஎன் தொகுப்பில், பதிவாகாத நாளுக்கு -9999 என்று இட்டிருப்பர். வெப்பநிலையோ பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பத்தால் வகுத்தவர் ஊரில் வெப்பம் -999.9 டிகிரி. -273.15க்குக் கீழே எதுவும் குளிராது என்பது இயற்பியல். குளிரும் என்பது அவர் வரைபடம்.

கால வழு: இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழையை, முடியும் நாளின் கணக்கில் எழுதும். 2015 டிசம்பர் 1இல் சென்னையை மூழ்கடித்த மழை, மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 35 செ.மீ., டிசம்பர் 2இன் பதிவில் நிற்பது இதனால்தான். யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற மறப்பதும் இதன்பாற்படும், பிற்பகல் 2.30 மணி வெயில் காலை 9 மணிக்கே கொளுத்தும்.

தொகை வழு மூவகைத்து. வெப்பத்தைக் கூட்டல் முதலாவது: மாத வெப்பம் 900 டிகிரி என வருவதால் உடனே பிடிபடும். மழையைக் கூட்டாது சராசரி எடுத்தல் இரண்டாவது: சற்றுத் தாமதமாகப் பிடிபடும். மூன்றாவது பிடிபடாது. மாதம் முழுதும் பதிவே இல்லையெனினும் பாண்டாஸின் கூட்டல் கட்டளையான சம் (sum) 0 என்றே விடை தரும். மழைமானி பழுதான நவம்பர் வறண்ட நவம்பராகிவிடும். அக்கட்டளையில் min_count என்பதை 1 என வைத்தால் வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும்.

திசை வழு: 350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்கையொட்டிய காற்றே. இரண்டின் சராசரி 180; வாடை தென்றலாயிற்று. சைன், கோசைன் எனப் பிரித்துச் சராசரி காண்க.

நிற வழு: ஜெட் என்னும் வானவில் நிறவரிசை, தரவில் இல்லாத கரைகளைக் கண்ணுக்குக் காட்டும். 2017இல் வந்த மாட்பிளாட்லிப் 2.0 இயல்பு நிறவரிசை என்னும் இடத்திலிருந்து அதை விலக்கி, விரிடிஸ் என்னும் நிறவரிசையை அமர்த்தியது. பழைய நிரலை நகலெடுப்போரிடம் ஜெட் இன்னும் வாழ்கிறது.

வழுவமைதி: ஒரு மணி நேர வெப்பநிலை விடுபட்டால் இருபுற அளவுகளைக் கொண்டு நிரப்பலாம். மழைக்கு இது ஆகாது; நேற்றும் நாளையும் பெய்தால் இன்றும் பெய்திருக்கும் என்பது கணக்கன்று, ஆசை. அச்சும் எண்ணும் இல்லாத படம் வழுவே. ஆயினும் புவி சூடேறுவதைக் காட்ட 2018இல் எட் ஹாக்கின்ஸ் வரைந்த நீலச் சிவப்புப் பட்டைகள் அவையின்றியே உலகைச் சுற்றின. அறிந்து செய்தால் அமைதி, அறியாது செய்தால் வழு என்க.

புறனடை: இவ்வைந்தில் எதற்கும் பைதான் பிழைச்செய்தி தராது. நிரல் ஓடும், படமும் அழகாக வரும். ஆதலின் படத்தை மேலதிகாரிக்கு அனுப்புமுன், நிலையம் எதை, எந்த அலகில், எந்த மணிக்கு அளந்தது என்று தரவோடு வரும் குறிப்பைப் படித்துவிடுங்கள்.