தேய்த்த பின் தெரியும் விலை

ஐதராபாத் வங்கிக் கிளை ஒன்று கொடுத்த கார்டை துபாயில் தேய்த்தால், பில்லில் உள்ள திர்ஹம் ரூபாயாக மாறுவதற்குள் மூன்று கைகளைக் கடக்கிறது. முதலில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனம் தன் விகிதத்தில் அதை மாற்றுகிறது. அடுத்து, கார்டு கொடுத்த வங்கி ‘மார்க்அப்’ என்ற பெயரில் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை சேர்த்துக்கொள்கிறது. அந்த மார்க்அப்பின் தலையில் அரசு 18 சதவீதம் ஜிஎஸ்டி வைக்கிறது. டாலர் 90 ரூபாய் என்று கணக்கு வசதிக்கு வைத்துக்கொண்டால், 100 டாலர் செலவுக்கு 9,000 ரூபாய். 3.5 சதவீத மார்க்அப் 315. அதற்கு ஜிஎஸ்டி 56 ரூபாய் 70 காசு. மொத்தம் 9,371 ரூபாய் 70 காசு. அந்த மேல்தொகைக்கு ஐதராபாத்தில் ஒரு பிரியாணி வந்திருக்கும்; ஸ்டேட்மென்ட்டில் அது இரண்டு வரியாக வருகிறது.

இதில் எந்த நாளின் விகிதம் என்பது தனிக் கதை. தேய்த்த கணத்தில் வங்கி ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கடையின் கணக்கு கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் நாளில்தான் உண்மையான மாற்று நடக்கிறது. அதற்கு ஓரிரு நாள் ஆகும். ஆகவே ஊர் திரும்பியவர் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பெட்டி வருமா என்று பார்த்து நிற்கும்போதுகூட, முந்தைய நாள் காலையில் அவர் தின்ற இட்லியின் விலை முடிவாகாமல் இருக்கலாம். வாங்கிய சட்டை பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தால், பணம் திரும்பும் நாளின் விகிதத்தில் திரும்பும். மார்க்அப் பெரும்பாலும் திரும்பாது. சட்டை இல்லாமல் சட்டைக்குச் செலவு செய்த அனுபவம் மட்டும் மிஞ்சும்.

பழைய ஐதராபாத்தில் இந்த விவகாரம் இதைவிடத் தெளிவாக இருந்தது. நிஜாம் ஆட்சிக்குச் சொந்த நாணயம் உண்டு: உஸ்மானியா சிக்கா. 1918-க்குப் பிறகு சொந்த நோட்டும் உண்டு. இந்தியச் சமஸ்தானங்களில் அந்த உரிமை வேறு யாருக்கும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு அங்கே கல்தார் என்று பெயர். 100 கல்தார் வேண்டுமானால் 116 ரூபாய் 10 அணா 8 பை சிக்கா எண்ணி வைக்கவேண்டும். சுருக்கமாக, ஏழுக்கு ஆறு. பக்கத்தில் இருக்கும் செகந்திராபாத் பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் என்பதால், ஹுசைன்சாகர் கரையைத் தாண்டினாலே அயல்நாட்டுச் செலாவணி தேவைப்பட்டது. நாணயம் மாற்றித் தந்து வட்டம் பிடிக்கும் சராஃப்கள் இருந்தார்கள், ஆனால் மனிதர் எதிரே உட்கார்ந்து பிடித்தார். பேரம் பேசலாம், குறைந்தபட்சம் முறைத்துப் பார்க்கலாம். சார்மினார் பொறித்த அந்த நாணயங்கள் 1959-இல் முழுமையாகச் செல்லாதவையாயின. முறைத்துப் பார்க்கும் வசதி அதற்குப் பிறகும் சில காலம் நீடித்து, செயலிகள் வந்ததும் ஒழிந்தது.

வெளிநாட்டுக் கடையின் மெஷின் சில சமயம் அன்பாக ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா? அயலூரில் ரூபாய்க் குறியைக் கண்டதும் யாருக்கும் மனம் இளகும். அந்த இளக்கத்துக்குத்தான் விலை. ரூபாய் என்று சொன்னால் விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் தரப்பு. அதில் அவர்களுடைய பங்கு ஏற்கெனவே உள்ளே இருக்கும். பில் ரூபாயில் வந்தாலும் பல வங்கிகள் சுமார் 1 சதவீதம் தனியாக எடுத்துக்கொள்ளும். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதே லாபம். இந்தக் கட்டுரையில் பணமாக மாற்றக்கூடிய தகவல் இது ஒன்றுதான்.

வெளிநாடு போகாமலே வெளிநாட்டுச் செலவு செய்யவும் வழி உண்டு. ஐதராபாத் அமீர்பேட்டையில் பயிற்சி வகுப்புக்கு நடுவே ஒருவர் ஆன்லைன் பாடம் ஒன்றை ரூபாய் விலை பார்த்து வாங்குகிறார். விற்கும் நிறுவனம் அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ பதிவானதாக இருந்தால், கார்டைப் பொறுத்தவரை அவர் அந்த நிமிடம் அயர்லாந்தில் இருக்கிறார். கட்டணம் உண்டு, காற்று மட்டும் அமீர்பேட்டையுடையது.

இனி வரம்பு. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் என்ற தாராளப் பணம் அனுப்பும் திட்டம் 2004 பிப்ரவரியில் 25,000 டாலரோடு தொடங்கியது. 2007-க்குள் 2,00,000 ஆனது. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரியவும் தாராளம் 75,000-க்குச் சுருங்கியது. 2014-இல் 1,25,000, 2015 முதல் ஒரு நிதியாண்டுக்கு, ஓர் ஆளுக்கு 2,50,000 டாலர். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் இதே வரம்புதான், கையெழுத்தைக் காப்பாளர் போட்டால் போதும். இரண்டரை லட்சம் டாலரை எட்டுவது எப்படி என்பது பெரும்பாலான குடும்பங்களில் எழாத கேள்வி என்பதால், நடைமுறையில் ஆளைத் தடுத்து நிறுத்துவது வங்கி வைத்திருக்கும் தினசரி வரம்புதான்.

எதற்குச் செலவழிக்கக்கூடாது என்பதையும் 2000-ஆம் ஆண்டு அயல்செலாவணி விதிகள் சொல்கின்றன. லாட்டரிச் சீட்டு, தடைசெய்யப்பட்ட பத்திரிகை, கால்பந்துப் பந்தயச் சீட்டு, தொலைபேசியில் ‘கால் பேக்’ சேவை. பட்டியலைத் தயாரித்த அதிகாரியின் கண்ணில் நாட்டின் செலாவணியைக் கரைக்கக்கூடிய மனிதர் எப்படித் தோன்றினார் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நேபாளம், பூட்டான் பயணத்துக்கும் அயல்செலாவணி கிடையாது; அங்கே ரூபாய்தான்.

டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் எல்ஆர்எஸ் கணக்கில் சேரும். வெளிநாட்டுப் பயணத்தில் தேய்க்கும் கிரெடிட் கார்டு சேராது. அந்த விலக்கைத் தந்தது அதே 2000-ஆம் ஆண்டு விதிகளில் 7-ஆம் விதி. 2023 மே 16 அன்று நிதி அமைச்சகம் அந்த விதியை நீக்கியது. கிரெடிட் கார்டுச் செலவும் எல்ஆர்எஸ்ஸில் சேர்ந்தால் ஜூலை முதல் வரவிருந்த 20 சதவீத டிசிஎஸ், அதாவது செலவின்போதே வசூலிக்கும் வரி, அதன்மேலும் விழும் என்பது புரிந்ததும் கூச்சல் கிளம்பியது. மே 19 அன்று, கார்டில் 7 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை என்று விளக்கம் வந்தது. ஜூன் 28 அன்று, கிரெடிட் கார்டு விஷயமே தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. 20 சதவீதமும் அக்டோபருக்குப் போனது. ஆறு வாரத்தில் விதி போய், விளக்கம் வந்து, விதி திரும்பிவந்தது. சும்மா இருந்த கார்டுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிசிஎஸ் வரி என்றாலும் முழுதாகப் போய்விடுவதல்ல. 2025 ஏப்ரல் முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய எல்ஆர்எஸ் செலவில் பிடிக்கிறார்கள்; படிப்பு, மருத்துவம் நீங்கலாகப் பொதுவான செலவுக்கு 20 சதவீதம். வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். சுற்றுலா போனவர் அரசுக்குக் கைமாற்று கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொள்வது மனதுக்கு நல்லது.

வரம்பெல்லாம் சரியாக இருந்தும் கார்டு வேலை செய்யாமல் போகலாம். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே தரப்படவேண்டும், வேண்டியவர் தானே இயக்கிக்கொள்ளலாம் என்ற ரிசர்வ் வங்கி ஏற்பாடு 2020 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது கோவிட் காரணமாக வழக்கமான சர்வதேச விமானங்களே ஓடவில்லை. இதைவிடப் பொருத்தமான நாள் அமைந்திருக்காது. இன்று விசா வேண்டி ஐதராபாத் அருகே சில்கூர் பாலாஜியை 11 முறை சுற்றி, விசா கிடைத்ததும் 108 முறை சுற்றிவிட்டுக் கிளம்புகிறவர்களும் செயலியில் அந்தப் பொத்தானைத் தள்ள மறப்பதுண்டு. அந்தக் கோயிலில் உண்டியல் கிடையாது. பயணத்தில் மார்க்அப் இல்லாத கட்டம் அது.

திரும்பி வந்தபின் மிஞ்சிய அயல்நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்புவரை வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். நாணயங்களுக்கு உச்சவரம்பே இல்லை, எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மணி சேஞ்சர்கள் அவற்றைப் பொதுவாக வாங்குவதும் இல்லை.