சாம்பல் கல்லும் பேதி உப்பும்

கறுவாவுக்காகக் கப்பல் ஓட்டிய ஒல்லாந்தர், 1703 வாக்கில் இலங்கையிலிருந்து ஒரு கல்லையும் அள்ளிப்போனார்கள். நம் மலைநாட்டு எல்லவில் அப்போது தேயிலையும் கிடையாது, துரையும் கிடையாது. எல்ல இருக்கும் ஊவா அன்று கண்டி ராஜாவின் நாடு. கல்லின் பெயர் டூர்மலின். சுடவைத்தால் சாம்பலை இழுத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு மனம் மாறி எட்டித் தள்ளும். இப்படியொரு அதிசயம் கையில் கிடைத்ததும் ஒல்லாந்தர் செய்த ஆராய்ச்சி, சுங்கானுக்குள் விட்டுச் சாம்பல் எடுத்துப் பார்த்தது என்று ஒரு கதை.

1747இல் லின்னேயஸ், கல்லைக் கண்ணால் காணாமலே அதை மின்கல் என்று எழுதிவைத்தார். எழுதியது இலங்கைச் செடிகொடிகளைப் பற்றிய புத்தகத்தில். அங்கே கல்லுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. 1756இல் பெர்லினில் ஏபினஸ்தான் கல்லைச் சூடாக்கி, ஒரு முனையில் நேர் ஏற்றம், மறுமுனையில் மறை ஏற்றம் என்று கண்டு சொன்னார்.

அடுத்த பாய்ச்சல் பேதி மருந்தில். 17ஆம் நூற்றாண்டில் லா ரோஷேல் நகரத்து மருந்துக்கடைக்காரர் செய்ன்யெத் தயாரித்த உப்பு அது. ஐரோப்பிய வயிறுகளை நெடுங்காலம் கழுவியது. 1920இல் மினசோட்டாவில் ஜோசப் வாலசெக் அதன் பளிங்குக்கு மின்புலம் கொடுத்தார். உள்ளே முனைவாக்கம் திசை திரும்பியது. மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பிய பக்கமே நின்றது. ஃபெரோஎலக்ட்ரிக் பொருள் பிறந்தது இப்படித்தான். டூர்மலின் அதற்குப் பெரியப்பா முறை: முனைகள் உண்டு, யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாது.

அந்த நேரம் எல்லவில் கல், செங்கல், சீமெந்து வைத்து, இரும்பே சேர்க்காமல் ஒன்பது வளைவுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யார் கெட்டிக்காரர் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த முனைகளுக்கு இன்னொரு வேலை வந்தது, வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்கும் முயற்சியில். 1972இல் ஜப்பானில் புஜிஷிமாவும் ஹொண்டாவும் டைட்டானியம் டைஒக்சைட்டில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் ஒளி பட்டுக் கிளம்பும் இலத்திரனும் அது விட்டுப்போன துளையும் வந்த வேலையை மறந்து மறுபடி சேர்ந்துவிடும், மிஞ்சுவது சூடுதான். பேரியம் டைட்டனேட் மாதிரி ஃபெரோஎலக்ட்ரிக் பொருள்களின் உள்மின்புலம், ஓடிப்போன ஜோடியை இரு வீட்டாரும் பிரித்து இழுத்துப்போவதுபோல இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் கொண்டுபோகிறது. ஒரு முகத்தில் ஐதரசன், மறுமுகத்தில் ஒட்சிசன். குமிழி வருகிறது, இன்னும் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக்குள்தான்.

டைட்டானியத்துக்கும் நமக்குப் பஞ்சமில்லை. புல்மோட்டை மணலிலிருந்து இல்மனைட் கப்பலேறிப் போகிறது, அன்றைய கல்லைப் போலவே. மலையிலோ வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்கும் தொழில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. டர்பன்டைன் மரம் வெயிலைச் சேர்க்கும். வெட்டி, பிளந்து, தேயிலை ஸ்டோர் அடுப்பில் திணித்தால் கொழுந்து காயும். செயல்திறன் மட்டம்தான். மழைநாளிலும் எரியும், விறகு நனையாமல் இருந்தால்.